டிஎன்ஏ உங்களுடையது, பிறப்புப் பத்திரம் தங்கையுடையது

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறோம், எனக்கு வயது 39. கட்டி வந்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். என் கருமுட்டையும் என் கணவரின் விந்தணுவும் சேர்ந்த கருவைச் சுமந்து தருவதாக என் தங்கை ஒப்புக்கொண்டாள். ஓத் கமிஷனர் (சத்தியப் பிரமாண ஆணையர்) முன்னால் ஒப்பந்தம் எழுதினோம். நகையை அடகு வைத்து 30,000 வெள்ளி கொடுத்தேன். இப்போது பிள்ளைக்கு நான்கு மாதம், தரமாட்டேன் என்கிறாள். அம்மாவும் அவள் பக்கம். டிஎன்ஏ பரிசோதனையில் பிள்ளை எங்களுடையது என்றே வந்திருக்கிறது. போலீஸில் புகார் கொடுத்து, பணத்துக்கும் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம், வளைகாப்பில் தங்கை என்ன சொன்னாள், அம்மா யார் வீட்டுக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தார் என்பதுதான். அது எதுவும் வழக்கில் நிற்காது. எனக்கு வேண்டியது கடைசிப் பக்கத்தில் அரை வரியில் இருக்கிறது: பிறப்புப் பத்திரத்தில் தாய் உங்கள் தங்கை, தகப்பன் அவள் கணவர்.

சட்டத்துக்குப் பெற்றவளே தாய். தாய்மைக்குப் பிரசவமே அத்தாட்சி என்று இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ஒரு வாரிசு வழக்கில் சொன்னது 1976-இல். முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்ததே 1978-இல்தான். இங்கிலாந்துக்காரர்கள் பிறகு தனிச் சட்டம் போட்டு, பெற்றோர் உரிமையை நீதிமன்ற ஆணை மூலம் மாற்றித் தர வழி செய்துகொண்டார்கள். நம் மலேசியாவில் வாடகைத் தாய்க்கென்று ஒரு சட்டமும் இல்லை. மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி டாக்டரைத்தான் கட்டுப்படுத்தும்.

தகப்பன் விஷயம் இன்னும் இறுக்கம். 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் பிரிவு 112-இன்படி, செல்லுபடியாகும் திருமணத்துக்குள் பிறந்த பிள்ளை அந்தக் கணவனுடையது. இருவரும் நெருங்க வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டினால்தான் மறுக்க முடியும். தங்கையின் கணவர் அதே வீட்டில் படுத்து எழுந்திருக்கிறார். முட்டை யாருடையது என்று டிஎன்ஏ ரிப்போர்ட் சொல்லும். பிரிவு 112 அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

ஒப்பந்தம்? ஓத் கமிஷனரின் முத்திரை, கையெழுத்து போட்டது நீங்கள்தான் என்பதற்கு மட்டும் சாட்சி. பொதுக் கொள்கைக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டம் 1950, பிரிவு 24. பிள்ளையைக் கொடு என்று அந்தக் காகிதத்தை வைத்து எந்த நீதிபதியும் உத்தரவு போடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எனக்குப் பயமே அந்த 30,000 வெள்ளிதான். சிறார் சட்டம் 2001, பிரிவு 48 என்ன சொல்கிறது தெரியுமா? பணத்துக்கோ பணமதிப்புள்ள பொருளுக்கோ ஒரு பிள்ளையைக் கைமாற்றும் ஏற்பாட்டில் பங்கெடுத்த எவரும் குற்றவாளி. வாங்கியவர் மட்டும் மாட்டுவார் என்று நினைக்காதீர்கள், கொடுத்தவரும் சேர்த்திதான். நீங்கள் பிரிண்ட் எடுத்து அனுப்பிய வாட்ஸ்அப்பில், "பிள்ளை கைக்கு வந்ததும் மீதி 10,000 தருகிறேன்" என்று நீங்களே தட்டச்சு செய்திருக்கிறீர்கள், கீழே இரண்டு இதயம் வேறு. பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு வைக்கும் முதல் ஆவணம் அதுதான். அங்பாவ், அதாவது அன்பளிப்புப் பணம், என்று பெயர் சூட்டினாலும் தப்ப முடியாது. செக்கப், மருந்து, டாக்சி என்று ரசீது இருக்கும் செலவுகள் வேறு கதை. அவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் நிலையத்துப் பக்கம் போகாதீர்கள். பார்க்கப் போகிற சாக்கில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்களானால் கடத்தல் புகார் உங்கள் மேல்தான் வரும்.

"பதியும்போதே நம் பெயரைப் போட்டிருக்கலாமே" என்று உங்கள் கணவர் கேட்கிறாராம். நல்லவேளை செய்யவில்லை. என்னிடம் வந்த ஒரு குடும்பம் அதைத்தான் செய்தது. அக்காவின் ஐசியை (அடையாள அட்டையை)க் காட்டித் தங்கையைப் பிரசவத்துக்குச் சேர்த்தார்கள். ஆறு வருடம் கழித்து ஒரு வீட்டுத் தகராறில், தங்கை கணவர் நேராகப் பதிவுத் துறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பத்திரம் ரத்து. புதிய பத்திரத்தில் பெற்றோர் இடத்தில் 'தகவல் பெறப்படவில்லை' என்று வந்தது, குடியுரிமையும் ஊசலாடுகிறது. ஒன்றாம் ஆண்டில் சேர்க்க முடியவில்லை என்று அழுதுகொண்டு வந்தார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை என் மேசையில் இருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்துத் தன் கை முழுக்கக் குத்திக்கொண்டிருந்தது. அந்தக் கோப்பை நான் இன்னும் மூடவில்லை.

ஆகவே சமாதானமாகப் போங்கள். உங்களுக்கு இருக்கும் நேர்வழி தத்தெடுப்புதான். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தில் தங்கையும் அவள் கணவரும் சம்மதிக்க வேண்டும். ஆணைக்கு முன் பிள்ளை குறைந்தது மூன்று மாதம் உங்கள் பராமரிப்பில் இருக்க வேண்டும். பெற்றோர் கைவிட்டார்கள், கொடுமை செய்தார்கள் என்றால் நீதிமன்றம் அவர்கள் சம்மதம் இல்லாமலே ஆணை தரலாம். உங்கள் தங்கையோ தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். என் சொந்தப் பிள்ளையை நானே தத்தெடுப்பதா என்று கோபம் வரும். வரட்டும், அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்ப் பேசுங்கள். அம்மாவை நடுவில் நிறுத்தாதீர்கள். உங்கள் தாய்மாமாவைப் பற்றி நல்லவிதமாக எழுதியிருக்கிறீர்களே, அவர் பேசட்டும். பணத்தைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். தங்கை பிள்ளையை வாரத்தில் எத்தனை நாள் வந்து பார்க்கலாம் என்பதை அவள் கேட்குமுன் நீங்கள் சொல்லுங்கள்.

மறுத்தால், பிள்ளையின் நலன் என்று சொல்லிப் பாதுகாவல் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். வாய்ப்பு மெலிது. வழக்கு முடிவதற்குள் பிள்ளை நடக்கும், தங்கையை அம்மா என்று கூப்பிடும். தராசு அந்தப் பக்கம் சாயும். நீங்கள் பெரியம்மாவாகப் போய்வரும் கதவையாவது அடைத்துக்கொள்ளாதீர்கள்.

கிளினிக்கில் இன்னும் இரண்டு கரு உறைநிலையில் இருப்பதாக ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் இருவரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் எதையும் தொடக்கூடாது என்று இன்றைக்கே அவர்களுக்குக் கடிதம் கொடுங்கள். சேமிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். ஹாட்யாய் பக்கம் ஆள் பார்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள். வெளிநாட்டுத் தம்பதிகளுக்கு வாடகைத் தாய் கிடையாது என்று தாய்லாந்து 2015-லேயே சட்டம் போட்டுவிட்டது.