வீட்டுல கிட்டார் கேபினட் (ஆம்ப்போட ஸ்பீக்கர் பெட்டி) ரெக்கார்ட் பண்ண 10,000 ரூபாய் பட்ஜெட்ல எந்த மைக் வாங்கலாம்?

முதல்ல தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது ஷூர் எஸ்எம்58ன்னு பாடுறதுக்கான மைக் சும்மா கிடக்குதான்னு கேளுங்க. மேடையில பாடுறவங்க, சர்ச் கொயர்ல இருக்குறவங்கன்னு விசாரிச்சா ஒண்ணு கிடைச்சிரும். அதோட உருண்டை வலையைத் திருகிக் கழட்டிட்டு கேபினட் முன்னாடி வெச்சீங்கன்னா ஆம்ப் ரெக்கார்ட் பண்ண எல்லாரும் வைக்கிற ஷூர் எஸ்எம்57 மைக்குக்கு ரொம்பக் கிட்ட வந்துரும், ஏன்னா ரெண்டும் ஒரே யூனிடைன் 3 கேப்ஸ்யூல் (சத்தத்தைப் பிடிக்கிற பகுதி) டிசைன்தான், முன்பக்க வலைதான் முக்கியமான வித்தியாசம். கழட்டினதும் உள்ள விரல் படாம பாத்துக்கோங்க.

வாங்கித்தான் ஆகணும்னா கண்ணை மூடிட்டு எஸ்எம்57. 1965ல வந்த மைக், இன்னிக்கும் பெரிய ஸ்டுடியோல ஆம்ப் முன்னாடி அதுதான் நிக்குது. காரணம் இருக்கு. கிட்டார் ஸ்பீக்கர்ல 5 கிலோஹெர்ட்ஸ் தாண்டினா சத்தம் மடமடன்னு இறங்கிரும், எஸ்எம்57 சரியா 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், அதனால டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் ட்ரம்ஸ், பேஸ் நடுவுல அமுங்கிப் போகாது. 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பிடிக்கும்னு சொல்லி விக்கிற யூஎஸ்பி கண்டென்சர் மைக் (சின்ன சத்தத்தையும் பிடிக்கிற வகை) பக்கம் போகாதீங்க, அந்த மேல் பகுதியில ஸ்பீக்கர்லேர்ந்து பெருசா ஒண்ணும் வராது, ஆனா ஃபேன் சத்தம், அடுப்படி குக்கர் விசில், ரூமோட எதிரொலி எல்லாம் வந்து உக்காந்துக்கும்.

ஒரு விஷயத்துல நான் ஏமாந்திருக்கேன், நீங்க ஏமாறக்கூடாது. விலை கம்மியா இருக்கேன்னு ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட எஸ்எம்57 வாங்கினேன், பெட்டி, பை, ஸ்டிக்கர் எல்லாம் அச்சு அசலா இருந்துச்சு, ஆனா ரெக்கார்ட் பண்ணா தகர டப்பாவுக்குள்ள வாசிச்ச மாதிரி கீச்சுன்னு. தெருமுனை மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசுல வெச்சுப் பாத்தேன், ஒரிஜினல் 284 கிராம் இருக்கணும், அது அதுக்குக் கிட்டகூட வரல. ஒரிஜினல்ல கைப்பிடிக்குள்ள ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கும், போலியில பெரும்பாலும் அது இருக்காது. அதனால பில் தர்ற கடையிலயே வாங்குங்க, பழசு வாங்கினாலும் நேர்ல போய் கையில தூக்கிப் பாத்து வாங்குங்க.

இப்ப மைக் வைக்கிற இடம். இதுலதான் எனக்கு மாசக்கணக்கா போச்சு. மொபைல் டார்ச்சை கேபினட் துணி மேல அடிச்சுப் பாத்தா ஸ்பீக்கர் நடுவுல வட்டமா ஒரு மூடி தெரியும். அதுக்கு நேரா வெச்சா காதுல குத்துற மாதிரி கூர்மையா இருக்கும், கோனோட (மூடியைச் சுத்தி இருக்குற கூம்பு) ஓரத்துக்குப் போகப் போக மந்தமா, தடிமனா ஆகும். மூடி முடிஞ்சு கோன் தொடங்குற விளிம்புல, துணியிலேர்ந்து ஒரு இன்ச் தள்ளி ஆரம்பிங்க. அரை இன்ச் நகத்தினாலே வேற மைக் மாத்தின மாதிரி இருக்கும், இதை நான் மிகைப்படுத்திச் சொல்லல. ரொம்ப ஒட்டி வெச்சா அடித்தொனி ஏறிக்கும், அப்ப ரெண்டு மூணு இன்ச் பின்னால இழுங்க. நான் பண்றது என்னன்னா, ஆம்ப்ல கெயினை ஏத்திட்டு கிட்டார் வாசிக்காம விட்டுருவேன், உஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் வரும்ல, தம்பி மைக்கை மெதுவா நகத்துவான், நான் பக்கத்து ரூம்ல ஹெட்ஃபோன்ல கேப்பேன், இரைச்சல் எந்த இடத்துல கரகரப்பும் இல்லாம மொத்தையாவும் இல்லாம வருதோ அங்க நிறுத்தச் சொல்லுவேன். அப்புறம் ஸ்டாண்டோட கால் இருக்குற இடத்துல தரையில டேப் ஒட்டிருவோம், அடுத்த நாள் அதே டோன் வேணும்ல.

ஸ்டாண்ட்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. வாசிக்க வாசிக்கத் தலை தொங்குற ஸ்டாண்டா இருந்தா முதல் டேக்குக்கும் மூணாவது டேக்குக்கும் டோன் மாறிப்போகும். குட்டையான பூம் ஸ்டாண்ட் (குறுக்கே நீளுற கை வெச்சது) போதும். ஸ்டாண்ட் வைக்கவே இடமில்லாத ரூம்னா சென்ஹைசர் இ609 மைக் பாருங்க, தட்டையா இருக்கும், கேபினட் மேலேர்ந்து கேபிள்லயே தொங்க விடலாம், ஆனா கேபிள் முறுக்கிக்கிட்டா மைக்கும் திரும்பிக்கும், டேப் போட்டு இறுக்கிக்கோங்க.

மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற இன்டர்ஃபேஸுக்குன்னு பெருசா செலவு வேணாம். இதெல்லாம் டைனமிக் மைக், பேண்டம் பவர் (கேபிள் வழியா மைக்குக்குப் போற கரண்ட்) தேவையில்ல, கேபினட் கிட்ட சத்தம் பலமா இருக்குறதால சாதாரண இன்டர்ஃபேஸே தாங்கும். வேகமா அடிச்சு வாசிக்கும்போது மீட்டர் -12 டெசிபல் பக்கம் நிக்கிற மாதிரி கெயின் வெச்சுட்டு ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சிருங்க.