’96 படத்தில் சின்ன ராம், சின்ன ஜானுவாக நடித்தவர்கள் யார்? படத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் யார்?

ராமாக ஆதித்யா பாஸ்கர், நடிகர் எம்.எஸ்.பாஸ்கரின் மகன். ஜானுவாக கௌரி கிஷன். வளர்ந்தவர்களாக விஜய் சேதுபதியும் த்ரிஷாவும்.

2018 அக்டோபரில் வந்த இந்தப் படம் சி.பிரேம்குமார் இயக்கிய முதல் படம். அதற்கு முன் அவர் ஒளிப்பதிவாளர். ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ அவர் கேமராவில் வந்ததுதான். முகங்களை அவசரமில்லாமல் பார்க்கும் பொறுமை அங்கிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். இசை கோவிந்த் வசந்தா. அடிப்படையில் வயலின் கலைஞர். ‘காதலே காதலே’ வரிகள் கார்த்திக் நேத்தாவுடையவை.

எனக்கு மிகவும் பிடித்தது சின்மயி செய்தது. த்ரிஷாவுக்குப் பேச்சுக் குரலும் அவர்தான், ‘யமுனை ஆற்றிலே’ பாடுவதும் அவர்தான். பேச்சிலிருந்து பாட்டுக்குப் போகும்போது குரல் மாறவே இல்லை, அதனால்தான் அந்த இடம் அப்படி நெஞ்சைப் பிடிக்கிறது.

சுபாவாக வரும் தேவதர்ஷினியின் சிறு வயது வேடத்தில் அவருடைய மகள் நியதி. பள்ளிக் காவலாளியாக ஜனகராஜ்.

பள்ளிக் காலக் கதை தஞ்சாவூரில் நடக்கிறது. ஆனால் குன்னூரில் படித்த எனக்கு, மழையில் நனைந்த ஸ்வெட்டரோடு பெட்போர்டு பக்கம் பள்ளி விட்டு நடந்த மாலைகள்தான் அதில் தெரிந்தன.