பிரஷரும் பல்லும்: பல் டாக்டரிடம் சில கேள்விகள்

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. பிரஷர் ஏறியதால்தானே டாக்டர்?

இல்லை. ஈறோரம் படிந்த அழுக்கில் கிருமிகள் பெருகி ஈறு புண்ணாகியிருக்கிறது, அதனால்தான் ரத்தம். பலர் பயந்துபோய் அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அங்கே அழுக்கு இன்னும் சேரும். மிருதுவான பிரஷால் அந்த இடத்தையும் தேயுங்கள். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் காட்டுங்கள்.

அப்படியானால் ஈறு நோய்க்கும் பிரஷருக்கும் சம்பந்தமே இல்லையா?

இருக்கிறது. ஈறு நோய் முற்றியவர்களிடம் பிரஷர் அதிகமாகக் காணப்படுகிறது. ஈறில் நாள்பட்ட அழற்சி இருந்தால் அதன் தாக்கம் ரத்தத்தில் கலந்து, ரத்தக் குழாய்களின் உட்சுவர் விரிந்துகொடுக்கும் திறனைக் குறைக்கிறது. 2007இல் வந்த ஓர் ஆய்வில், கடுமையான ஈறு நோய் உள்ள 120 பேரில் ஒரு பாதிக்கு ஆழமான ஈறு சிகிச்சை கொடுத்தார்கள். முதல் நாள் அவர்களுடைய ரத்தக் குழாய்கள் இன்னும் மோசமாகத்தான் இயங்கின. ஆனால் ஆறு மாதம் கழித்து, சாதாரண சுத்தம் மட்டும் செய்துகொண்டவர்களைவிட நன்றாக இயங்கின. அதற்காகப் பல்லைச் சுத்தம் செய்தால் பிரஷர் இறங்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சில ஆய்வுகளில் இறங்கியது, சிலவற்றில் இல்லை. மாத்திரை மாத்திரைதான்.

தினமும் இரண்டு வேளை மவுத்வாஷ் போடுகிறேன். நல்லதுதானே?

எந்த மவுத்வாஷ் என்று பாருங்கள். கீரை, பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட்டின் ஒரு பகுதி ரத்தத்திலிருந்து உமிழ்நீருக்குத் திரும்பி வருகிறது. அதை நைட்ரைட்டாக மாற்றுவது நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். அதை விழுங்கியதும் உடல் நைட்ரிக் ஆக்சைடு ஆக்கி, ரத்தக் குழாயைத் தளர்த்திக்கொள்கிறது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி கலந்த மவுத்வாஷ் இந்தப் பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். 19 ஆரோக்கியமான பேர் ஒரு வாரம் அதைப் பயன்படுத்தியபோது பிரஷர் 2 முதல் 3.5 புள்ளி வரை ஏறியது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் டாக்டர் எழுதிக் கொடுத்த நாட்களுக்கு மேல் அதைத் தொடராதீர்கள். வாய் மணக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் போடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு ஈறு தடித்து, பல்லை மூடுகிற மாதிரி வளர்கிறது.

அந்த மாத்திரைக்கு இந்தக் குணம் உண்டு. அதே வகை மாத்திரையான நிஃபெடிபினுக்கு இன்னும் அதிகம். எல்லோருக்கும் வராது, பல்லில் அழுக்கு அதிகம் உள்ளவர்களுக்கு வர வாய்ப்பு கூடுதல். ஆகவே முதலில் சுத்தம் செய்துகொள்ளுங்கள். குறையாவிட்டால் உங்கள் டாக்டர் வேறு வகை மாத்திரைக்கு மாற்றலாம். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, அது ஈறு வளர்வதைவிட ஆபத்து.

பிரஷர் 160/95 இருக்கிறது. பல் பிடுங்கலாமா?

பெரும்பாலும் பிடுங்கலாம். 180/110ஐத் தாண்டினால் அவசரமில்லாத வேலையைத் தள்ளிவைப்போம். அன்று காலை பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டே வாருங்கள். எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதி எடுத்து வாருங்கள்; மரத்துப்போக ஊசி போடும்போது அதில் ரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின் எவ்வளவு சேரலாம் என்பது அதைப் பொறுத்தது. வேலை முடிந்ததும் சட்டென்று எழாமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுங்கள். சில பிரஷர் மாத்திரைகளால் தலை சுற்றும்.

வலிக்கு ஐபுப்ரோஃபென்?

அது பிரஷரை ஏற்றும், சில பிரஷர் மாத்திரைகளின் வேலையையும் கெடுக்கும். அளவோடு பாராசிட்டமால் போடுங்கள்.

அப்பாவுக்கு பிரஷர் உண்டு. மாடிப்படி ஏறினால் இடது கீழ்த்தாடையில் வலிக்கிறது என்கிறார், உட்கார்ந்தால் போய்விடுகிறதாம். சொத்தைப் பல்லாக இருக்குமா?

சொத்தைப் பல் மாடிப்படி ஏறும்போது மட்டும் வலித்து, உட்கார்ந்தால் நிற்காது. இது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். என்னிடம் வேண்டாம், இன்றைக்கே இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.