மிஞ்சிய பந்திச் சோறும் வழக்குப் பயமும்

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் நாங்கள் நண்பர்கள் சிலர் சேர்ந்து, முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் சாப்பாட்டை வாங்கி, முதியோர் இல்லத்துக்கும் ஜங்ஷன் பக்கம் படுத்திருப்பவர்களுக்கும் கொடுத்து வருகிறோம். போன மாதம் ஒரு மண்டப மேலாளர், "சாப்பிட்டவருக்கு ஏதாவது ஆனால் கேஸ் எங்கள் மேல் வரும், நாங்கள் பொறுப்பல்ல என்று எழுதிக் கொடுத்தால்தான் தருவோம்" என்றார். அதைக் கேட்டதும் எங்களில் இருவரின் வீட்டில், இனி போகக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். எங்களுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டா? - வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நல்ல மனதோடு உணவு கொடுத்தவர் மேல் வழக்கே வராது என்று சொல்லும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் 1996இல் பில் எமர்சன் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரில் அப்படி ஒரு சட்டம் வந்தது. படுமோசமான அலட்சியமோ வேண்டுமென்றே செய்த தீங்கோ இல்லாதவரை, உணவு கொடுத்தவரையும் அதை வாங்கி விநியோகிக்கும் தொண்டு அமைப்பையும் அது காக்கிறது. நம் ஊரில் சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவருக்கு இதே மாதிரி பாதுகாப்பு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு அது. பசித்தவனுக்குச் சோறு கொண்டுபோகிறவனுக்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை, இருக்கிற சட்டத்துக்குள் எப்படிப் பத்திரமாக நடப்பது என்று பார்ப்போம்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், உணவுத் தொழில் என்பதற்கு விளக்கம் சொல்லும்போதே "லாபத்துக்காக இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்று சேர்த்துத்தான் சொல்கிறது. ஆகவே 'காசு வாங்கவில்லையே' என்பது அங்கே பதில் ஆகாது. அதன் 59ஆம் பிரிவு விற்றவரோடு விநியோகித்தவரையும் சேர்க்கிறது. கெட்ட உணவால் உயிர் போனால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரைகூடப் போகலாம். நுகர்வோர் நீதிமன்றம் வேறு கதை. இலவசமாகச் செய்யும் சேவை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வராது.

பயந்துவிட வேண்டாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 80ஆம் பிரிவு, தன்னால் ஆன முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன், உரிய கவனத்தோடு நடந்தேன் என்று நிரூபிப்பவருக்குத் தற்காப்பு தருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் உரிய கவனம் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தில் செய்ததாக ஏற்பதில்லை. மனசு சுத்தம் என்பதை நீதிமன்றத்தில் காட்ட முடியாது தம்பி. எத்தனை மணிக்கு வாங்கினோம், எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்பதைக் காட்டலாம்.

அதனால் மேலாளர் கேட்கும் 'பொறுப்பல்ல' சீட்டை நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் அவருக்குப் பெரிய பயன் இல்லை. சாப்பிடப் போகிறவர் அதில் கையெழுத்துப் போடவில்லையே, அவருடைய உரிமையை நீங்கள் இருவரும் சேர்ந்து எப்படி எழுதித் தீர்ப்பது? போலீஸ் வழக்கையும் அந்தத் தாள் தடுக்காது. அதற்குப் பதிலாக ஒரு ஒப்படைப்புச் சீட்டு போடுங்கள். என்ன பதார்த்தம், சைவமா அசைவமா, எப்போது சமைத்தது, எப்போது கைமாறியது, இரண்டு பக்கக் கையெழுத்து. இது உங்களையும் காக்கும், அவரையும் காக்கும். மிஞ்சிய உணவைச் சேகரித்து விநியோகிப்பதற்கென்றே 2019இல் வகுத்து 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஒழுங்குமுறைகளும் இப்படிப்பட்ட பதிவேட்டைத்தான் எதிர்பார்க்கின்றன.

அப்புறம், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் குழுவைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கோயில் அன்னதானத்துக்கே பதிவு கேட்கிற காலம் இது. நண்பர்கள் கூட்டமாகவே நிற்காமல், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமாகவும் ஆகுங்கள். ஒரு குழு தவறு செய்தால், அந்த வேலையை நடத்தும் பொறுப்பில் இருந்தவரைத்தான் உணவுச் சட்டத்தின் 66ஆம் பிரிவு முதலில் பார்க்கிறது. பொறுப்பாளர் யார் என்று தீர்மானம் போட்டு எழுதி வைத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பாத்திரம் தூக்கும் பையனின் அம்மாவுக்குப் பாதிப் பயம் போய்விடும். பொறுப்பை ஏற்கிறவர் தெரிந்தே ஏற்க வேண்டும், அவ்வளவுதான்.

இனிதான் முக்கியமான பகுதி, அடுப்படி. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி வேகமாகப் பெருகும். நம் பக்கத்து வெயிலில் அண்டாவோடு மூடிவைத்த சோறு பல மணி நேரம் அந்தச் சூட்டில்தான் கிடக்கும். சோற்றில் வளரும் ஒரு வகை பாக்டீரியாவின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே 'கொதிக்கவைத்துக் கொடுத்துவிடலாம்' என்ற யோசனையே வேண்டாம். மறுவீட்டு விருந்தில் சொதி மிஞ்சினால் தொடாதீர்கள். தேங்காய்ப்பால் சேர்ந்தது, சீக்கிரம் திரிந்துவிடும். தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம், பாயசம், அசைவம் எல்லாவற்றையும் அதே கண்ணோடு பாருங்கள். இலையில் பரிமாறியது, பந்தியில் வாளியோடு சுற்றியது வேண்டாம். அண்டாவில் கை படாமல் இருக்கும் உணவை மட்டும் எடுங்கள். பந்தி முடியும் முன்பே சமையல்காரர் தவசிப்பிள்ளையிடம் சொல்லி வைத்தால், மிஞ்சும் என்று தெரிந்ததுமே சூட்டோடு தனியே எடுத்து வைத்துவிடுவார். அவரை நண்பராக்கிக்கொள்ளுங்கள். மண்டபத்தில் உங்களுக்கு அவரை விடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. சந்தேகம் வந்தால் மாட்டுக்குக் கூடப் போடாமல் கொட்டிவிடுங்கள். வயதானவர்களுக்குக் கொண்டுபோகிறீர்கள், அவர்கள் உடம்பு தாங்காது.

ராத்திரி பதினொரு மணிக்குப் பைக்கில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டுகிறீர்களே, அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா, ஓட்டுபவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா? சாப்பாட்டு வழக்கைவிட எனக்கு இந்தக் கவலைதான் அதிகம். அதை இந்த வாரமே சரிபாருங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றபோது, பக்கத்துக் கிராமத்து மக்கள் சமைத்துக் கொடுத்துப் பயணிகளைக் காப்பாற்றினார்கள். அன்று யாரும் சட்டப் பிரிவு கேட்கவில்லை. நீங்கள் வாரந்தோறும் செய்கிறீர்கள், அதனால் கேட்டே ஆக வேண்டும். கேட்டதில் தவறே இல்லை.

ஒருவேளை யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் 108ஐ அழையுங்கள், இல்லாவிட்டால் நீங்களே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் நீங்களே தகவல் கொடுங்கள். இதற்காகவே ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதார்த்தத்திலும் கொஞ்சம் எடுத்து, தேதி எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருப்பது நல்லது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை கிடைக்கும், எண் 15100. ஒப்படைப்புச் சீட்டின் மாதிரியை எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.