கிறிஸ்துமஸ் தாத்தாக்களின் பிக்னிக்: கடிதமும் பதிலும்

அண்ணா, வணக்கம்.

நான் வடசென்னை, தண்டையார்பேட்டை. காலேஜ் படித்த காலத்திலிருந்து வீடு வீடாகப் பாடிப்போகும் எங்கள் சர்ச் கேரல் ரவுண்ட்ஸில் நான்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. பகலில் கூரியர் கம்பெனி வேலை. போன டிசம்பரில் ஒரு கடை வாசலில் தாத்தா வேஷம் கட்டப் போயிருந்தேன், ஷிஃப்ட் மாற்ற இன்னொரு தாத்தா வந்தார், வியாசர்பாடிக்காரர். கொஞ்ச நேரம்தான் பேசினோம், ஆனால் பேச அவ்வளவு இருந்தது. ராயபுரம், காசிமேடு, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் வேஷம் கட்டுகிற எல்லோரும் ஒருநாள் பிக்னிக் மாதிரி கூடினால் என்ன என்று அப்போது தோன்றியது. வாட்ஸப் குரூப் ஆரம்பித்தேன், உடனே சண்டையும் ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் வேஷத்தோடு வரணும் என்கிறார் ஒருவர். சீஃப் கெஸ்ட் கூப்பிடலாம் என்கிறார் ஒருவர். பழவேற்காடு போய் போட்டிங் போகலாம் என்கிறார் இன்னொருவர். மயானக் கொள்ளைக்கு வேஷம் கட்டுகிறவர்களையும் கூப்பிடலாமே என்றேன், சிலருக்குப் பிடிக்கவில்லை. பெரம்பூரில் ஒரு பெரியவர், முட்டிவலியால் வேஷத்தை விட்டுவிட்டார், கூப்பிட்டால் மனசு கஷ்டப்படுமோ என்று தயக்கம். வீட்டில் இதையெல்லாம் வெட்டி வேலை என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

வெட்டி வேலை இல்லை. கண்டிப்பாகச் செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஷிஃப்ட் மாற்றும் நேரம்தான். யோசித்துப் பாருங்கள், பாடுகிறவன் இன்னொருவன் பாட்டைக் கேட்கலாம், தவில் வாசிக்கிறவர் அடுத்த தவில்காரரின் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், ஆனால் ஒரு தாத்தா இன்னொரு தாத்தா ஆடுவதைப் பார்க்கவே முடியாது, ஏனென்றால் எல்லோருக்கும் வேலை அதே ராத்திரிகளில். நீங்கள் தண்டையார்பேட்டைச் சந்துகளில் சுற்றும்போது அவர் வியாசர்பாடியில் சுற்றுகிறார், காசிமேட்டுத் தம்பி வேறு ஒரு தெருவில் பேண்டு செட்டுக்கு நடுவில் நிற்கிறார். ஒரு குழுவுக்கு ஒரு தாத்தா என்பதால் கூடவே வருகிறவர்களில் யாருக்கும் உங்கள் கஷ்டம் தெரியாது. அந்த பிளாஸ்டிக் முகமூடியின் மூக்கு ஓட்டை எவ்வளவு சின்னது, மூச்சுவிட்ட ஈரம் முகவாயில் எப்படித் தேங்கும், பஞ்சுத்தாடி வாய்க்குள் போனால் எடுக்க வழியில்லாமல் எப்படி அப்படியே ஆடவேண்டியிருக்கும், வயிற்றில் கட்டிய தலையணை நாலாவது வீட்டிலேயே ஒரு பக்கமாக இறங்கிவிட்டால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மிட்டாய் கொடுப்பது எப்படி, இதெல்லாம் இன்னொரு தாத்தாவிடம் மட்டும்தான் பேச முடியும். அதற்கு டிசம்பர் அல்லாத ஒரு நாள் வேண்டும்.

வெளிநாட்டிலும் இதே காரணத்துக்காகத்தான் கூடுகிறார்கள் என்று நினைக்கிறேன். டென்மார்க்கில், கோபன்ஹேகன் பக்கத்தில் பாக்கன் என்று ஒரு பழைய கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. உலகக் கிறிஸ்துமஸ் தாத்தாக்கள் கூட்டம் 1957இல் அங்கே ஆரம்பித்தது, நடப்பது ஜூலையில். பல நாட்டுத் தாத்தாக்கள் முழு வேஷத்தோடு வந்து ஊர்வலம் போகிறார்கள். அவர்களால் முடியும், அங்கே ஜூலை மாதப் பகல் வெக்கையே நம்மூர் மார்கழி ராத்திரி அளவுக்குத்தான் இருக்கும். அமெரிக்காவில் சார்லஸ் ஹோவர்ட் என்பவர் 1937இல் தாத்தா வேஷத்துக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார், அது இன்றும் மிச்சிகன் மாநிலத்தில் நடக்கிறது. நம் பக்கம் வேஷம் கட்டுகிறவர்கள் யாரிடம் கற்றுக்கொண்டார்கள்? பெரும்பாலும் முன்னால் கட்டிய அண்ணனிடம், அவர் தனக்கு முன்னால் கட்டியவரிடம். அந்த அண்ணன் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டால் அவருக்குத் தெரிந்ததும் அவரோடு போய்விடும். அழுகிற குழந்தையைத் தூக்கக் கூடாது, எட்ட உட்கார்ந்து கையை மட்டும் நீட்ட வேண்டும் என்பதை ஒருவர் சொன்னால் போதும், அடுத்த டிசம்பரில் எத்தனை வீடுகளில் குழந்தைகள் அலறாமல் இருக்கும்!

சரி, சண்டைகளுக்கு வருகிறேன்.

வேஷம் வேண்டாம். குரூப் போட்டோவுக்காக ஒரே ஒருவர் போட்டுக்கொள்கிறேன் என்றாலும் வேண்டாம். ஒருவர் சிவப்புச் சட்டையை மாட்டிய அடுத்த நிமிஷம் மற்றவர்களெல்லாம் வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆகிவிடுவார்கள், பூங்காவில் இருக்கும் பிள்ளைகள் மிட்டாய்க்கு ஓடிவரும், அவருக்கு அன்றைக்கும் டியூட்டிதான். அமெரிக்காவில் சொந்தத் தாடி வளர்த்து வேஷம் கட்டுகிறவர்கள் நிறைய, அவர்கள் லுங்கியில் நின்றாலும் தாத்தாவாகத்தான் தெரிவார்கள். உங்களுக்கு நிலைமை தலைகீழ். முகமூடியைக் கழற்றினால் உங்கள் தெருக் குழந்தைக்கே உங்களைத் தெரியாது, உஷாரான ஒன்றிரண்டு மட்டும் செருப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கும். வருஷா வருஷம் அத்தனை வீட்டு ஹாலில் ஆடியவருக்கு அந்த வீட்டுக்காரர்கள் முகம் தெரியும், அவர் முகம் அவர்களுக்குத் தெரியாது. ஒரு நாளாவது தன் முகத்தோடு உட்கார்ந்து, ‘நான்தான் அது’ என்று சொல்லி, ‘அப்படியா, நானும்தான்’ என்று பதில் வாங்கட்டும். குடும்பத்தையும் கூட்டிவரச் சொல்லுங்கள். சட்டையில் கிழிந்த இடத்தை ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்துக் கொடுத்தவர்கள் வீட்டிலிருக்கும் பெண்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் அவர்கள் காதுபட வேஷப் பேச்சு வேண்டாம், அவ்வளவுதான்.

சீஃப் கெஸ்ட் வேண்டவே வேண்டாம். சீஃப் கெஸ்ட் என்றால் மைக், மைக் என்றால் பேனர், பேனர் என்றால் யார் பெயர் மேலே என்ற தகராறு. அவர் வருகிற வரை பசியோடு காத்திருக்கவும் வேண்டும். அதே காரணத்துக்காக சர்ச் காம்பவுண்டும் வேண்டாம் என்பேன், இடம் கொடுக்கும் ஃபாதரை முன்னால் உட்கார வைக்காமல் இருக்க முடியாது.

பழவேற்காடு போட்டிங் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 2011இல், கிறிஸ்துமஸ் அன்றைக்கே, அந்த ஏரியில் படகு கவிழ்ந்து சுற்றுலா போன 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளோடு போகிற கூட்டம், நிறையப் பேருக்கு நீச்சல் தெரியாது, யாரோ ஒருவர் ‘இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்’ என்பார். தவிர்த்துவிடுங்கள். ஊரிலேயே இடம் இருக்கிறது. ராபின்சன் பூங்காவை யோசித்தீர்களா? 1949 செப்டம்பர் 17 அன்று கொட்டும் மழையில் திமுக தொடங்கப்பட்ட பூங்கா, ராயபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காசிமேட்டிலிருந்து வருவது சுலபம், திருவொற்றியூர்க்காரர்கள் மெட்ரோவில் வந்துவிடலாம், 2021லிருந்து விம்கோ நகர் வரை ஓடுகிறதே. பூங்கா திறந்திருக்கும் நேரத்தையும், வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாமா என்பதையும் வார்டு ஆபீசில் முன்னாடியே கேட்டு, முடிந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெண்களுக்குக் கழிப்பறை திறந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பல பிக்னிக்குகளில் பெண்கள் சீக்கிரம் கிளம்பிப்போவதற்கு இதுதான் காரணம், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

தேதி. காணும் பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஜனவரி கடைசி ஞாயிறு. அதற்கு மேல் தள்ளினால் ஒரு பக்கம் சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிடும், இன்னொரு பக்கம் மாசி அமாவாசை மயானக் கொள்ளைக்கு விரதம் இருக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஏப்ரல் 15லிருந்து மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டு ஆட்களுக்கு அப்போது நேரம் இருக்கும்தான், ஆனால் அந்த வெயிலில் யார் வருவது? காலையிலும் வைக்காதீர்கள், ஞாயிறு விடியற்காலை காசிமேட்டு மீன் வியாபாரத்தில் நிற்கிறவர் கொஞ்சம் தூங்கி எழுந்து வர வேண்டும். சாயங்காலம் நாலு மணி சரியாக இருக்கும்.

மயானக் கொள்ளைக்கு அங்காளம்மன் வேஷம் கட்டுகிறவர்களைக் கூப்பிடுவது பற்றி நான் உங்கள் பக்கம். குலசேகரன்பட்டினத்து குலசை தசராவுக்கு வருஷா வருஷம் ஊருக்குப் போய் காளி வேஷமோ குறவன் வேஷமோ கட்டிவிட்டு வருகிற தூத்துக்குடிப் பக்கத்துக் கடைக்காரர்களும் வடசென்னையில் இருக்கிறார்கள், அவர்களையும் கூப்பிடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், அவர்களுக்கு வேஷம் என்பது நேர்த்திக்கடன், அதனால் ‘கொஞ்சம் ஆடிக் காட்டுங்க’ என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. மற்றபடி முகத்துச் சாயம் எரிவதும், கிரீடம் நெற்றியை அழுத்துவதும், ராத்திரி முழுக்க நின்ற காலும் எல்லோருக்கும் ஒன்றுதான். உங்கள் குரூப்பில் பிடிக்காதவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு வசூல் செய்யாதீர்கள். தினக்கூலிக்குப் போகிறவர் தலைக்கு இவ்வளவு என்றதும் ‘அன்னைக்கு வேலை இருக்குப்பா’ என்று சொல்லிவிட்டு வரமாட்டார். வீட்டில் செய்ததை அவரவர் கொண்டுவரட்டும், முடியாதவர் வெறுங்கையோடு வரட்டும். பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஏதாவது வந்தால் மஞ்சள் சோறும் உருண்டைக் கறியும் கிடைக்கும், சுண்டல் யாராவது கொண்டுவருவார்கள், போகிற வழியில் அத்தோ, அதுதான் பர்மா நூடுல்ஸ், பொட்டலம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு கேரம் போர்டு எடுத்துப் போங்கள், தெரியாத நாலு பேரை ஒரே இடத்தில் உட்கார வைக்க அதைவிட நல்ல வழி நம் பக்கம் கிடையாது. எந்தக் கடை எவ்வளவு தருகிறது, நடுவில் இருக்கிற ஏஜென்ட் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார், தண்ணீர் குடிக்க முகமூடியைக் கழற்ற விடுகிறார்களா, இந்தப் பேச்சு தானாக வரும். வரட்டும், ஆனால் அன்றைக்கே சங்கம் ஆரம்பித்துத் தலைவர் யார், பொருளாளர் யார் என்று போகாதீர்கள்.

பெரம்பூர் பெரியவரை முதல் ஆளாகக் கூப்பிடுங்கள். போனில் வேண்டாம், நேரில் போங்கள், போகும்போது உங்கள் முகமூடியையும் எடுத்துப் போய் இந்த எலாஸ்டிக்கை எங்கே தைத்தால் காது வலிக்காது என்று கேளுங்கள். விட்டுவிட்டவர் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அவருக்குச் சொல்ல எவ்வளவு இருக்கிறதென்று அப்போது தெரியும். அவர் உட்கார பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று ஏற்பாடு செய்யுங்கள், தரையில் உட்கார்ந்து எழ அந்த முட்டி விடாது. வீட்டிலிருந்து பூங்காவுக்கும் திரும்பவும் ஆட்டோ வைத்துவிடுங்கள், அந்தக் காசு நான் தருகிறேன்.