ஃபைபர் இணைப்புக்குக் கடையில் வாங்கும் ரவுட்டர் எதுவும் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும், ஆனால் ஃபைபர் பெட்டிக்குப் பதிலாக அல்ல, அதற்குப் பின்னால். ஒளியை இணைய சிக்னலாக மாற்றுவது ஓஎன்டி என்ற அந்தப் பெட்டி. அதை வீடெங்கும் வைஃபையாகப் பரப்புவது ரவுட்டர். ஒரே இழை பல வீடுகளுக்குப் பிரிவதால், ஒவ்வொரு ஓஎன்டியையும் இணைய நிறுவனம் பதிந்து வைத்திருக்கும். கரண்ட் மீட்டர் மாதிரி: மீட்டர் அவர்களுடையது, உள்ளே ஃபேன் எது என்பது உங்கள் விருப்பம்.

சரி, ரவுட்டர் வாங்கும்போது பின்பக்க வேன் (WAN) போர்ட்டை, அதாவது ஓஎன்டியிலிருந்து வரும் கேபிளைச் செருகும் இடத்தைப் பாருங்கள். அது 100 எம்பிபிஎஸ் என்றால் 300 எம்பிபிஎஸ் திட்டம் போட்டும் வீண். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டே வேண்டும். இணைப்புக்காக ரவுட்டரில் பயனர் பெயர், கடவுச்சொல் போடத் தேவையா என்று நிறுவனத்திடம் முன்பே கேட்டு வையுங்கள்.

அட்டைப்பெட்டியில் உள்ள ‘ஏசி1200’ உங்கள் இணைய வேகம் அல்ல, இரண்டு வைஃபை அலைவரிசைகளின் உச்ச வேகத்தைக் கூட்டிய கணக்கு.