‘ஐ வொர்க்ட்’, ‘ஐ ஹேவ் வொர்க்ட்’ இரண்டும் ஒன்றுதானே? இன்டர்வியூவில் எதைச் சொல்வது?

"ரெண்டும் ஒன்றுதான், எதைச் சொன்னாலும் அவர்களுக்குப் புரியும்" என்று ஒருவர் உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கைக்கு வந்த ஒரு வேலை எனக்குப் போனது இந்த வித்தியாசத்தால்தான்.

இன்டர்வியூ என்று கேட்டிருப்பதால், ஒரு இடத்தில் வேலையில் இருந்துகொண்டே வேறு இடம் தேடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். பெருங்குடியில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் ஏஆர் காலர். ராத்திரி முழுக்க அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு போன் போட்டு, ஆஸ்பத்திரி அனுப்பிய கிளெய்ம் என்ன ஆச்சு என்று கேட்கிற வேலை. ஆறு வருஷம் ஆனபோது ஒரு இங்கிலாந்து கம்பெனியின் சென்னை ஆபீஸுக்கு இன்டர்வியூ வந்தது. லீட்ஸிலிருந்து ஒரு அம்மா வீடியோவில் பேசினார். அனுபவத்தைப் பற்றிக் கேட்டதும், "ஐ வொர்க்ட் இன் மெடிக்கல் பில்லிங் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்றேன். அவர் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். மற்றதெல்லாம் நன்றாகவே போனது.

நாலு நாள் கழித்து கன்சல்டன்சியிலிருந்து போன். "மேடம், அவங்க இப்போ வேலையில இருக்கிற ஆளைத்தான் தேடுறாங்களாம். உங்களுக்கு கேப் இருக்குன்னு சொல்றாங்க." கேப் என்றால் வேலை இல்லாமல் இருந்த இடைவெளி. எனக்கு ஒரு நாள்கூட அது கிடையாது. ரெஸ்யூமில் ‘டில் டேட்’ என்று தெளிவாகப் போட்டிருந்தேன். அதைக் காட்டிப் பேசச் சொன்னேன். அதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். தமிழிலேயே யோசித்துப் பாருங்கள். "ஆறு வருஷம் வேலை பார்த்தேன்" என்றால் விட்டாச்சு என்றுதான் நாமும் நினைப்போம். "ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன்" என்றால்தான் இன்னும் அங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். அந்த ‘ஆக’வில்தான் சூட்சுமம். மனதுக்குள் ‘வருஷமாக’, ‘நாளாக’, ‘காலையிலிருந்து’ என்று ஓடினால் ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ வர வேண்டும்: "ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்", இல்லையென்றால் "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்". தமிழில் அந்த இடத்தில் நிகழ்காலம் வருவதால், "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்" என்று நம் வாயில் வந்துவிடுகிறது.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் எங்கள் டீம் லீட் அத்தனை பேர் முன்னால் அதைத் திரும்பச் சொல்லிக் காட்டி, "இதுதான் தமிழ் மீடியம் இங்கிலீஷ்" என்றார். சரியானது எது என்று சொல்லித் தரவில்லை. அன்றிலிருந்து பயத்தில் எல்லாவற்றையும் ‘வொர்க்ட்’, ‘லிவ்ட்’ என்று இறந்த காலத்திலேயே பேசப் பழகினேன். அந்தப் பழக்கம்தான் லீட்ஸ் அம்மா முன்னால் வந்து நின்றது.

இத்தனைக்கும் பதில் தினமும் என் ஹெட்செட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பேசுகிறவர் முதலில் "தி கிளெய்ம் ஹேஸ் பீன் பெய்ட்" என்பார். பணம் கொடுத்தாச்சு என்ற செய்தி அவ்வளவுதான், தேதி இல்லை. உடனே நான் "வென் வாஸ் இட் பெய்ட்?" என்பேன். "இட் வாஸ் பெய்ட் ஆன் மார்ச் 12" என்று பதில் வரும். தேதி என்று ஒன்று வந்துவிட்டால் அங்கே ‘ஹேஸ்’ நிற்காது. செக் எப்போது போனது, எந்த விலாசத்துக்குப் போனது எல்லாமே அதற்கப்புறம் சிம்பிள் பாஸ்ட்தான், அதாவது ‘வொர்க்ட்’, ‘வென்ட்’ மாதிரி ‘ஹேவ்’ சேராத இறந்த காலம். ‘வென் ஹேஸ் இட் பீன் பெய்ட்’ என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

நாம் வழுக்குகிற இன்னொரு இடம் ‘போயிருக்கிறேன்’. "போன வருஷம் டெல்லி போயிருக்கிறேன்" என்பது தமிழில் ஒரு குறையும் இல்லாத வாக்கியம். அதை நம்பி "ஐ ஹேவ் பீன் டு டெல்லி லாஸ்ட் இயர்" என்றால் தப்பு. ‘லாஸ்ட் இயர்’ வந்ததால் "ஐ வென்ட்" என்றாக வேண்டும். வருஷத்தை எடுத்துவிட்டால் "ஐ ஹேவ் பீன் டு டெல்லி" சரி.

அமெரிக்கர்கள் "டிட் யூ ஈட் யெட்?" என்கிறார்களே என்று யாராவது சண்டைக்கு வரலாம். உண்மைதான். ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் வருகிற இடங்களில் அவர்கள் பேச்சில் சிம்பிள் பாஸ்ட் தாராளமாகப் புழங்கும். பிரிட்டிஷ்காரர்கள் அங்கே பெரும்பாலும் "ஹேவ் யூ ஈட்டன் யெட்?" என்பார்கள். ஆனால் ஆறு வருஷமாக ஒரே இடத்தில் இருக்கிறேன் என்று சொல்ல அமெரிக்கருக்கும் ‘ஹேவ்’ வேண்டும். நான் இங்கிலீஷ் டீச்சர் இல்லை, அடிபட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன். நீங்கள் இப்போது இருக்கிற வேலைக்கு ‘ஐ ஹேவ் வொர்க்ட்’ அல்லது ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்று சொல்லுங்கள். விட்டுவிட்ட பழைய வேலைக்கு, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று சேர்த்து ‘ஐ வொர்க்ட்’ என்று சொல்லுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வேலை மாறப்போகிறவர் என்பதால். அடுத்த வருஷம் வேறு இடத்தில் வேலை கிடைத்து, 90 நாள் நோட்டீஸ் முழுவதும் வேலை பார்த்துவிட்டுத்தான் பெருங்குடியை விட்டு வந்தேன். அப்படியும் ரிலீவிங் லெட்டர், அதாவது வேலையிலிருந்து விடுவித்தோம் என்று கம்பெனி தருகிற கடிதம், தரவில்லை. "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை நோட்டீஸ் பீரியட். ஐ ரிட்டர்ன்ட் மை ஐடி கார்ட் ஆன் மை லாஸ்ட் டே" என்று ஹெச்ஆருக்கு எத்தனையோ மெயில் போட்டேன். லெட்டர் கைக்கு வர நாலு மாசம் ஆனது. அதுவரை புது இடத்தில் என்னை கன்ஃபர்ம் செய்யவில்லை. ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்கும் அன்றைக்கே எழுத்தில் ஒரு ரசீது வாங்கிவிடுங்கள்.